கேலியா, கொடுமையா? பள்ளிகளில் நடக்கும் 'புல்லியிங்'கை அடையாளம் காண்பது எப்படி?

"சின்னப் பசங்க சண்டை... இன்னைக்கு அடிச்சுக்குவாங்க, நாளைக்குச் சேர்ந்துக்குவாங்க." பள்ளியில் இருந்து ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால் பெரும்பாலான வீடுகளில் முதலில் வரும் பதில் இதுதான். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். காலையில் 'கா' விட்ட இரண்டு பேர் மதியம் ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். ஆனால் எல்லாமே அப்படி மதியத்துக்குள் முடிந்துவிடுவதில்லை.

2023 ஆகஸ்ட் 9-ம் தேதி இரவு, நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவர் வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. இந்த வழக்கில் பிடிபட்டவர்களில் அவருடன் ஒரே பள்ளியில் படித்த மாணவர்களும் இருந்தனர். சாதியைச் சொல்லி அவர்கள் கொடுத்த தொல்லை தாங்காமல் அந்த மாணவர் சில நாட்களாகப் பள்ளிக்கே போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புகார் போன பிறகு, அரிவாள் வீடு தேடி வந்தது.

தமிழ்நாட்டையே உலுக்கிய இந்தச் சம்பவத்தில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, வெட்டு விழுவதற்கு முன்பே அறிகுறி இருந்தது. ஒழுங்காகப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரென நின்றுவிட்டான். இன்னொன்று, ஆபத்து உச்சத்துக்குப் போனது அவன் வாயைத் திறந்து சொன்ன பிறகுதான்.

அப்படியென்றால் சாதாரணச் சண்டை எது, 'புல்லியிங்' எது? அதைப் பெற்றோரும் ஆசிரியர்களும் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பிள்ளை சொன்ன பிறகு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

புல்லியிங் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் 'புல்லியிங்' என்று ஒரே வார்த்தையில் சொல்லப்படுவதற்குத் தமிழில் பல வார்த்தைகள் உண்டு. கேலி, கிண்டல், சீண்டல், வம்பிழுத்தல், மிரட்டல், துன்புறுத்தல் என்று இடத்துக்கு ஒன்றாகச் சொல்கிறோம். சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நண்பர்களுக்குள் நடக்கும் கலாய்ப்பும் 'கிண்டல்'தான், ஒரு பிள்ளையைப் பள்ளிக்கே வர விடாமல் செய்வதும் 'கிண்டல்'தான் என்றால், இரண்டாவதும் முதலாவதைப் போலவே லேசாகத் தெரிய ஆரம்பித்துவிடும். இலங்கைத் தமிழில் ராகிங்குக்குப் 'பகடிவதை' என்று ஒரு சொல் இருக்கிறது. பகடி என்ற பெயரில் நடக்கும் வதை. உண்மைக்கு இது இன்னும் கொஞ்சம் நெருக்கமான வார்த்தை.

இந்த விஷயத்தை ஆராய்ச்சியாகத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் டான் ஓல்வேயஸ் என்ற உளவியல் பேராசிரியர். ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றியவர். 1982-ம் ஆண்டு இறுதியில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் அடுத்தடுத்து தற்கொலை செய்துகொண்டனர். சக மாணவர்களின் கொடுமைதான் காரணமாக இருக்கும் என்று பேசப்பட்டது. நாடே அதிர்ந்துபோக, 1983-ல் பள்ளிகளில் இதைத் தடுக்க அந்த நாட்டில் தேசிய அளவில் இயக்கம் தொடங்கப்பட்டது. அதையொட்டி பெர்கன் நகரப் பள்ளிகளில் சுமார் 2,500 மாணவர்களிடம் ஓல்வேயஸ் ஆய்வு நடத்தினார்.

அவர் வகுத்துத் தந்த மூன்று அடையாளங்களைத்தான் உலகம் முழுக்க இன்றும் அடிப்படையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

1. வேண்டுமென்றே செய்வது: தெரியாமல் கால் பட்டுவிடுவது வேறு, தடுக்கிவிழ வேண்டும் என்றே காலை நீட்டுவது வேறு. புண்படுத்தும் நோக்கம் இருக்க வேண்டும்.

2. திரும்பத் திரும்ப நடப்பது: ஒரு நாள் கோபத்தில் நடந்த கைகலப்பு இதில் வராது. இன்று, நாளை, அடுத்த வாரம் என்று அதே பிள்ளையைக் குறிவைத்துத் தொடர்வதுதான் புல்லியிங்.

3. பலம் சமமாக இல்லாதது: ஒரு பக்கம் பலம் அதிகம். இன்னொரு பக்கம் இருப்பவரால் எளிதில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது.

இந்த மூன்றில் முதல் இரண்டையும் பெரியவர்கள் ஓரளவுக்குக் கவனித்துவிடுகிறார்கள். கோட்டைவிடுவது மூன்றாவதில்தான்.

சண்டைக்கும் புல்லியிங்குக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டு பேருக்கும் ஏறக்குறைய சம பலம் இருந்தால் அது சண்டை. கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்று இருவர் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இருவருக்கும் கோபம், இருவருக்கும் அடி, இருவர் பக்கமும் ரெண்டு பேர் நிற்பார்கள். கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினால் சரியாகிவிடும்.

புல்லியிங்கில் காட்சியே வேறு. ஒருவன் அடிக்கிறான், ஒருவன் வாங்குகிறான். ஒருவன் சிரிக்கிறான், ஒருவன் தலையைக் குனிந்து நிற்கிறான். அங்கே 'பிரச்னை' என்று எதுவும் பேசித் தீர்க்க இருக்காது. அவன் நிறமோ, உடம்போ, திக்கிப் பேசுவதோ, அப்பாவின் வேலையோ, சாதியோ, மதமோதான் காரணமாகச் சொல்லப்படும். அதில் அவன் விட்டுக்கொடுத்துப் போக என்ன இருக்கிறது?

இந்த வித்தியாசம் தெரியாதபோதுதான் அந்த வழக்கமான தீர்ப்பு வருகிறது: "ரெண்டு பேரும் கை குடுத்துக்கங்க, ரெண்டு பேரும் சாரி சொல்லுங்க." சண்டைக்கு இது நல்ல மருந்து. புல்லியிங்குக்கு இதைக் கொடுத்தால் எதிர்விளைவுதான் வரும். வாங்கிய அடிக்கு வாங்கியவனே மன்னிப்பு கேட்டதாக ஆகிறது. அடித்தவனுக்கோ, 'டீச்சர்கிட்ட போனாலும் இவ்வளவுதான்' என்று தைரியம் வந்துவிடுகிறது.

இதில் குழப்பம் வந்தால் இரண்டு கேள்விகள் உதவும்.

* அவன் சொன்ன அதே வார்த்தையை இந்தப் பிள்ளை அவனைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல முடியுமா? சொன்னால் என்ன நடக்கும்? நண்பர்களின் கலாய்ப்பில் இன்று இவன் மாட்டினால் நாளை அவன் மாட்டுவான். புல்லியிங்கில் பந்து ஒரே பக்கம்தான் வந்து விழும்.

* "வேணாம்டா, நிறுத்து" என்று சொன்னால் நிற்குமா? விளையாட்டு என்றால் எதிரில் இருப்பவர் முகம் வாடியதும் நின்றுவிடும். முகம் வாடுவதைப் பார்க்கத்தான் அது நடக்கிறது என்றால், விளையாட்டு என்று சொல்வது வெறும் சாக்கு.

என்னென்ன வடிவங்களில் நடக்கும்?

புல்லியிங் என்றதும் அடி, உதைதான் நினைவுக்கு வரும். கண்ணுக்குத் தெரிவது அது மட்டும்தான் என்பதால் அப்படி. மற்றவை இன்னும் நுட்பமானவை.

உடல்ரீதியானது: தள்ளுவது, தலையில் தட்டுவது, பையை ஒளித்துவைப்பது, நோட்டைக் கிழிப்பது, சாப்பாட்டைக் கொட்டுவது, மிரட்டிப் பணமோ பொருளோ வாங்குவது, எடுபிடி வேலை செய்யச் சொல்வது.

வார்த்தையால் நடப்பது: பட்டப்பெயர், உடலைப் பற்றிய கேலி, நிறத்தைப் பற்றிய கேலி, குடும்பத்தை இழுத்துப் பேசுவது. பட்டப்பெயர் எல்லாமே தப்பு என்பதில்லை. கூப்பிடும்போது அந்தப் பிள்ளையும் சேர்ந்து சிரிக்கிறதா, சிரிப்பதுபோல் நடிக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒதுக்கிவைப்பது: அடியும் இல்லை, திட்டும் இல்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். விளையாட்டில் சேர்க்க மாட்டார்கள். வகுப்பில் எல்லோரும் சொல்லிவைத்ததுபோல் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இல்லாத கதையைப் பரப்புவார்கள். "யாரும் எதுவும் பண்ணல மிஸ்" என்று எல்லோரும் சொல்ல முடியும், அது ஒருவகையில் உண்மையாகவும் இருக்கும். அதனாலேயே ஆசிரியர் கண்ணில் இது கடைசியாகத்தான் படுகிறது.

செல்போனில் நடப்பது: வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவை மீம் ஆக்குவது, ஒருவரை மட்டும் விட்டுவிட்டு வகுப்புக்கே குரூப் தொடங்கி அதில் அவரைப் பற்றிப் பேசுவது, இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு தொடங்குவது, படத்தை மார்ஃபிங் செய்து மிரட்டுவது. முன்பெல்லாம் நாலு மணிக்கு பெல் அடித்தால் தொல்லை முடியும். வீடு பாதுகாப்பான இடமாக இருந்தது. செல்போன் வந்த பிறகு அந்த இடமும் போய்விட்டது. ஒரே ஒரு பதிவு போட்டாலும் அதை நூறு பேர் பகிர்ந்தால் நூறு முறை நடந்ததற்குச் சமம் என்பதால், 'ஒரு தடவைதானே' என்ற வாதம் இங்கே எடுபடாது.

பெரியவர்கள் செய்வது: ஒரு மாணவரை எழுப்பி நிற்கவைத்து வகுப்பே சிரிக்கும்படி ஆசிரியர் மட்டம் தட்டுவதும் இதே ரகம்தான். பலம் சமமாக இல்லாத நிலைக்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை. ஆசிரியர் ஒருமுறை வைத்த பெயரை வகுப்பு வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்தப் 'பலம்' எங்கிருந்து வருகிறது?

உடம்பு பெரிதாக இருப்பவன்தான் மிரட்டுவான் என்பது சினிமாக் காட்சி. நிஜத்தில் பலம் பல வழிகளில் வருகிறது. வயது, சீனியர் என்ற அந்தஸ்து, கூட இருக்கும் கூட்டம், அப்பாவின் பணம், ஊரில் செல்வாக்கு, நன்றாகப் பேசத் தெரிவது, ஒருவரின் ரகசியம் கையில் இருப்பது என எதுவும் பலமாகலாம்.

தமிழ்நாட்டில் இந்தப் பட்டியலில் தவிர்க்கவே முடியாத ஒன்று சாதி. ஒரே உயரம், ஒரே எடை, ஒரே வகுப்பு, ஒரே சீருடை என்று இருவர் நின்றாலும் ஊரில் யாருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும். நாங்குநேரி சம்பவத்தை 'மாணவர்கள் மோதல்' என்று சொன்னால் அது பாதி உண்மையைக்கூடச் சொன்னதாக ஆகாது என்பது இதனால்தான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, பள்ளி, கல்லூரிகளில் சாதி உணர்வைக் களைய வழி சொல்லுமாறு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. 2024 ஜூன் 18-ம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலினிடம் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் போன்றவற்றைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி அடையாளங்களை நீக்குவது, மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைப்பது, 500-க்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் நியமிப்பது என்று பல பரிந்துரைகள் அதில் இருந்தன. கயிறு, திலகம் தொடர்பான பரிந்துரைகளுக்கு அரசியல் ரீதியாக எதிர்ப்பும் கிளம்பியது.

அந்த விவாதம் ஒருபக்கம் இருக்கட்டும். புல்லியிங் என்ற கோணத்தில் பார்த்தால் கயிற்றின் வேலை என்ன என்பது புரியும். யார் எந்தக் கூட்டம், யாரைத் தொட்டால் யார் வருவார்கள் என்பதைப் பேசாமலேயே சொல்வதுதான் அது. அகர வரிசையில் உட்காரவைப்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் கூட்டமாக உட்கார்ந்து ஒருவனை மட்டும் ஒதுக்கும் வசதியை அது எடுத்துவிடுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

பாதிக்கப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் தானாக வந்து சொல்வதில்லை. 'சொன்னா அப்பா ஸ்கூலுக்கு வந்து சத்தம் போடுவார், அப்புறம் இன்னும் அதிகமாகும்' என்ற பயம். 'போட்டுக் கொடுக்கிறவன்' என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயம். ஆம்பளைப் பையன் அழலாமா என்ற வெட்கம். தன் மீதுதான் ஏதோ குறை என்ற எண்ணம். அதனால் வாய் சொல்லாததை மற்றவற்றில் இருந்துதான் படிக்க வேண்டும்.

* பள்ளி நாட்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி, தலைவலி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே முகம் மாறிவிடுவது.
* வழக்கமான பஸ்ஸையோ வழியையோ திடீரென மாற்றிக்கொள்வது. சீக்கிரம் கிளம்புவது அல்லது வேண்டுமென்றே தாமதமாகப் போவது.
* பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ், தண்ணீர் பாட்டில், பணம் அடிக்கடி 'தொலைந்துபோவது'. வீட்டில் அதிகமாகக் காசு கேட்பது.
* பள்ளியில் கழிப்பறைக்கே போகாமல், வீட்டுக்கு வந்ததும் ஓடுவது. ஆசிரியர் பார்வை படாத இடங்களில் பள்ளிக் கழிப்பறையும் ஒன்று.
* சாப்பாட்டை அப்படியே திருப்பிக்கொண்டு வருவது, அல்லது பட்டினியாக இருந்ததுபோல் வந்ததும் அள்ளிச் சாப்பிடுவது.
* காரணம் சொல்ல முடியாத காயம், கிழிந்த சட்டை. கேட்டால் "விழுந்துட்டேன்" என்ற ஒரே பதில்.
* செல்போனில் மெசேஜ் சத்தம் கேட்டாலே பதறுவது, யாராவது அருகில் வந்தால் திரையை மறைப்பது.
* மார்க் குறைவது, தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவது, தம்பி தங்கையிடம் எரிந்துவிழுவது.
* நண்பர்கள் பெயரே பேச்சில் வராமல் போவது.

இதில் ஒன்று இருந்தால் உடனே புல்லியிங் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. பரீட்சை பயமோ, உடல்நலக் குறைவோ, வீட்டுப் பிரச்னையோகூடக் காரணமாக இருக்கலாம். ஆனால் இரண்டு மூன்று ஒன்றாகச் சேர்ந்து, அதுவும் திடீரென வந்தால், உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அது. 'சாகணும் போல இருக்கு' என்ற வார்த்தை விளையாட்டாக வந்தால்கூட அன்றே மனநல ஆலோசனைக்குப் போக வேண்டும்.

"ஸ்கூல்ல ஏதாவது பிரச்னையா?" என்று நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு யார்கூடச் சாப்பிட்ட? பஸ்ல யார் பக்கத்துல உக்காந்த? இன்டர்வெல்ல என்ன விளையாடினீங்க?" என்று கேட்டால் விஷயம் வெளியே வர வாய்ப்பு அதிகம். தொடர்ந்து "யாரும் இல்ல", "தனியாத்தான்" என்று வந்தால் அதுவே ஒரு தகவல்.

நம்ம பிள்ளை அந்தப் பக்கம் இருந்தால்?

எல்லாப் பெற்றோரும் தங்கள் பிள்ளை பாதிக்கப்படுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். பாதிப்பைக் கொடுக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. வாங்கிக்கொடுக்காத பொருள் பையில் இருப்பது, மற்ற பிள்ளைகளைப் பட்டப்பெயர் வைத்தே பேசுவது, தன்னைவிட எளியவர்கள் அழுதால் சிரிப்பது, "அவன்தான் ஆரம்பிச்சான்" என்று எப்போதும் சொல்வது, சாதிப் பெருமையை ஸ்டேட்டஸாக வைப்பது எல்லாம் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்.

இந்தப் பிள்ளைகளை 'ரவுடி' என்று முத்திரை குத்துவதும் பயன் தராது. வீட்டில் அடிவாங்கி, அதை வகுப்பில் இறக்கிவைக்கும் பிள்ளைகள் உண்டு. ஒரு வகுப்பில் பாதிக்கப்பட்டு, அடுத்த வகுப்பில் மற்றவரைப் பாதிக்கும் பிள்ளைகளும் உண்டு. செய்தது தப்பு என்பதைத் தெளிவாகச் சொல்லி, அதற்கான விளைவையும் ஏற்க வைக்க வேண்டும். கூடவே, அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

வேடிக்கை பார்ப்பவர்கள் கையில்தான் பாதி விஷயம்

கனடாவின் டொராண்டோவில் பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பதிவு செய்து ஓர் ஆய்வு நடந்தது. 2001-ல் வெளியான அதன் முடிவுகள் சுவாரஸ்யமானவை. பதிவான புல்லியிங் சம்பவங்களில் 10-ல் கிட்டத்தட்ட 9 மற்ற மாணவர்கள் கண்ணெதிரிலேயே நடந்தன. அவர்களில் யாராவது குறுக்கே வந்தது 5-ல் ஒன்றுக்கும் குறைவான சம்பவங்களில்தான். ஆனால் அப்படி யாராவது தலையிட்டபோது, பாதிக்கும் மேற்பட்டவை 10 நொடிக்குள் நின்றுபோயின.

காரணம் எளிமையானது. புல்லியிங்குக்குப் பார்வையாளர்கள் வேண்டும். அவர்கள் சிரிப்புதான் சம்பளம். பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தில் உருவான 'கிவா' என்ற திட்டம் இதையே அடிப்படையாகக் கொண்டது. அடிப்பவனையும் அடிவாங்குபவனையும் மட்டும் பார்க்காமல், சுற்றி நிற்கும் மொத்த வகுப்பையும் மாற்றப் பார்க்கிறது அது.

அதற்காக ஒவ்வொரு பிள்ளையும் நடுவில் போய்ப் பாய வேண்டும் என்பதில்லை. அது ஆபத்தாகவும் முடியலாம். சிரிக்காமல் இருப்பது, ஃபார்வர்டு செய்யாமல் இருப்பது, "வாடா, அங்க போலாம்" என்று பாதிக்கப்பட்டவனை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போவது, பெரியவர் ஒருவரிடம் போய்ச் சொல்வது ஆகியவையே போதும். ஒருவரை மாட்டிவிடுவதற்காகச் சொன்னால் அது கோள். ஒருவரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னால் அது உதவி. இந்த வித்தியாசத்தைச் சின்ன வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

பிள்ளை சொல்லிவிட்டது... அடுத்து என்ன?

நாங்குநேரி காட்டிய பாடம் இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. ஒரு பிள்ளை வாயைத் திறந்த அந்த நாள், பிரச்னை முடிந்த நாள் அல்ல. புகார் சொன்னது எதிர்த் தரப்புக்குத் தெரிந்த அந்த நேரத்தில்தான் பாதுகாப்பு அதிகம் தேவை.

செய்யக் கூடாதவை:

* "நீ என்ன பண்ணின? சும்மாவா செய்வான்?" என்று விசாரணையை அவனிடமே தொடங்குவது. அடுத்த முறை அவன் சொல்லவே மாட்டான்.
* "நீயும் திருப்பி அடி" என்று அனுப்புவது. திருப்பி அடிக்க முடிந்திருந்தால் இவ்வளவு நாள் வாங்கியிருக்க மாட்டான்.
* எதிர்த் தரப்புப் பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடுவது. பெரியவர்கள் சண்டையாகி, ஊர்ப் பிரச்னையாக மாறிவிடும்.
* இரண்டு பேரையும் ஒரே அறையில், எதிரெதிராக நிற்கவைத்து விசாரிப்பது. வகுப்பு முன்னால் "யார் உன்னைச் சொன்னது, காட்டு" என்று கேட்பது.

செய்ய வேண்டியவை:

* முதலில் முழுதாகக் கேட்பது. "நீ சொன்னது நல்லதாப் போச்சு. தப்பு உன் மேல இல்ல" என்ற இரண்டு வாக்கியங்கள் பெரிய பலம்.
* தேதி, இடம், யார், என்ன என்று குறித்துவைப்பது. மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைப்பது.
* பள்ளியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குவது.
* "விசாரிக்கிறோம்" என்ற பதிலோடு திரும்பாமல், "இன்னைக்குச் சாயங்காலம் இவன் எப்படிப் பத்திரமா வீட்டுக்குப் போவான்? நாளைக்கு எங்க உக்காருவான்? யார் பாத்துப்பாங்க?" என்று கேட்பது. மிரட்டல் இருந்தால் அன்றே போலீஸில் சொல்வது.
* பள்ளித் தரப்பில் இருவரையும் தனித்தனியாக விசாரிப்பதும், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்துத் திரும்பக் கேட்பதும். ஒருமுறை கண்டித்ததோடு எல்லாம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பள்ளி புல்லியிங்குக்கு என்றே இந்தியாவில் தனியாகத் தேசிய சட்டம் கிடையாது. ஆனால் சட்டமே இல்லை என்று அர்த்தமில்லை.

ராகிங்கைப் பொறுத்தவரை தமிழ்நாடு முன்னோடி. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு, சீனியர் மாணவரால் கொலை செய்யப்பட்டார். அதைத் தொடர்ந்து ராகிங்கைத் தடை செய்யும் சட்டம் 1997-ல் தமிழ்நாட்டில் வந்தது. ராகிங் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், கல்வி நிறுவனத்தில் இருந்து நீக்கம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவரும் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார். இலங்கையிலும் 1998-ல் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. நாடு முழுவதும் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிமுறைகள் பொருந்தும்.

பள்ளிகளைப் பொறுத்தவரை, கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சிபிஎஸ்இ பள்ளிகளில் புல்லியிங் தடுப்புக் குழு அமைக்க 2015-ல் வழிகாட்டுதல் கொடுக்கப்பட்டது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். பாலியல் ரீதியான சீண்டல் என்றால் போக்சோ. ஆபாசப் படங்களைப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம். தப்பு செய்தவருக்கு 18 வயது ஆகவில்லை என்றால் வழக்கு சிறார் நீதி வாரியத்துக்குப் போகும்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர்களின் மனநலம் தொடர்பாக நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 100 மாணவர்களுக்கு மேல் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. தங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்பதற்கு இது போதுமான காரணம்.

யாரை அழைக்கலாம்?

* குழந்தைகள் உதவி எண்: 1098
* தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை உதவி எண்: 14417
* மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416
* சைபர் குற்றப் புகார்: 1930
* கல்லூரி ராகிங் புகார்: 1800-180-5522

அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்டுள்ள 'மாணவர் மனசு' பெட்டியிலும் புகாரை எழுதிப் போடலாம்.

இது எவ்வளவு பெரிய பிரச்னை?

144 நாடுகளின் தரவுகளை வைத்து யுனெஸ்கோ 2019-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் மூன்றில் ஒரு மாணவர் முந்தைய ஒரு மாதத்துக்குள் சக மாணவர்களால் புல்லியிங்குக்கு ஆளாகியிருக்கிறார். 40 பேர் கொண்ட வகுப்பு என்றால் சுமார் 13 பேர். இது பள்ளியோடு முடிவதும் இல்லை. பிரிட்டனில் 1958-ல் பிறந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சிறு வயதில் அடிக்கடி புல்லியிங்குக்கு ஆளானவர்களிடம் 50 வயதிலும் மன அழுத்தம் உள்ளிட்ட பாதிப்புகள் அதிகமாகக் காணப்பட்டன.

நாங்குநேரி மாணவர் அத்தனை காயங்களையும் தாண்டி அடுத்த ஆண்டே பிளஸ் டூ தேர்வில் தேர்ச்சி பெற்றார். அது அவருடைய மன உறுதி. ஆனால் பாதிக்கப்படும் ஒவ்வொரு பிள்ளையிடமும் அப்படி ஒரு உறுதியை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. நாலு நாளாக ஒரு பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்றால் 'ஏன்' என்று கேட்பதும், பதில் சொன்ன பிள்ளையைப் பத்திரமாக வீடு சேர்ப்பதும் பெரியவர்களின் வேலை.